கன்னத்தில் ஒதுக்கிய சோறு

முதல் கவளம் இன்னும் கன்னத்திலேயே இருந்தது.

மகள் மெல்லவும் இல்லை, துப்பவும் இல்லை. பத்து நிமிடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், இடது கன்னம் புடைத்தது புடைத்தபடி நிற்கிறது.

நான்கு வயதுக்கு இத்தனை அழுத்தம் ஆகாது. பட்டறையில் எவ்வளவு கெட்டி இரும்பையும் வளைத்துவிடுவேன். இவளிடம் என் பாச்சா பலிப்பதில்லை.

போன தடவை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. இன்றைக்கும் வயிறு காய்ந்து திரும்பினால், என் கையால் அவள் சாப்பிடவே மாட்டாள் என்று அவள் அம்மா சொல்லிவிடுவாள். அந்த ஒரு வார்த்தை போதும், இருப்பதும் போய்விடும்.

கோபம் மூக்குநுனியில் நிற்கும் ஆள் நான். முன்பெல்லாம் வீட்டில் எதிரே உட்கார்ந்து, கண்ணை உருட்டி, முழுங்கு முழுங்கு என்பேன். ஒருநாள் தட்டையே தூக்கி எறிந்தேன். சுவரெல்லாம் சோறு. அப்போதும் அந்தக் கவளம் கன்னத்தில்தான் இருந்தது.

பிடிவாதம், அப்படியே அம்மாவை உரித்து வைத்திருக்கிறது என்பேன். மனைவி தலைபாடாக அடித்துக்கொண்டாள்.

"அது பிடிவாதம் இல்லைங்க, கூச்சம். யாராவது உத்துப் பாத்தா அதுக்குத் தொண்டையில இறங்காது."

நான் எங்கே கேட்டேன்? செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

இன்றைக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு குரலை இறக்கினேன். என்னம்மா செய்யணும் அப்பா என்று கேட்டேன்.

அவள் சோற்றை மறு கன்னத்துக்குத் தள்ளினாள். தட்டைப் பார்த்தபடியே சொன்னாள்.

"நீ அந்தப் பக்கம் பாருப்பா."

நாற்காலியைத் திருப்பிப் போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன்.

பிறகு மெல்லும் சத்தம். கரண்டி தட்டில் உரசியது. தண்ணீர் மடக்மடக்கென்று இறங்கியது. நடுவில் ஏதோ பாட்டு முணுமுணுத்தாள். சாப்பிடும்போது பாடுவாள் என்பதே எனக்குத் தெரியாது.

அடப் பாவி, இவ்வளவுதானா. இதற்கா ஒரு குடும்பத்தைக் கெடுத்தேன்.

வாயில் சோற்றோடு பாடும் அந்த முகத்தை ஒரே ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் போலிருந்தது. திரும்பினால் நிறுத்திவிடுவாள்.

வாசலில் காவலுக்கு உட்கார்ந்திருந்த அம்மாள், இன்னும் இருபது நிமிடம் என்று விரலால் காட்டினார். மகளைக் கண்ணால் பார்க்க நீதிமன்றம் எனக்குக் கொடுத்திருப்பது மாதத்துக்கு ஒரு மணி நேரம்.

நான் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.