வரும்போது சோப்புத் தூள்

“வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துட்டியா?” போனில் மனைவியைக் கேட்டார் வெடிகுண்டு நிபுணர்.

“அப்பவே வந்துட்டேன். நீங்க?”

“குழிகிட்டதான் நிக்கறேன்.”

ஆஸ்பத்திரிச் சுவரை ஒட்டிப் புதுக் கட்டடத்துக்காகத் தோண்டிய குழி. உலகப் போரில் விழுந்து, வெடிக்காமல் மண்ணுக்குள் போன குண்டு அதில் எட்டிப் பார்த்தது. போட்டவனும் போய்ச் சேர்ந்தாயிற்று, தப்பித்தவர்களும் போய்ச் சேர்ந்தாயிற்று. குண்டுக்கு மட்டும் கோபம் தீரவில்லை.

“தெருவே காலி சார்,” என்றார் இன்ஸ்பெக்டர். “ஆஸ்பத்திரி மாடியில ஒரு பச்சைக் குழந்தை மட்டும் இருக்கு. நகர்த்தினா உயிர் தங்காதாம். துணைக்கு ஒருத்தர் இருக்காங்க. சொல்லிப் பார்த்தோம், கேட்கலை.”

நிபுணர் போனை மறுபடி காதில் வைத்தார்.

“அதென்ன, பின்னால பீப் பீப்னு?”

“வாஷிங் மெஷின். துணி போட்டிருக்கேன்.”

“ராத்திரியெல்லாம் கண்ணு முழிச்சிருக்கே. பேசாம படுத்துத் தூங்கேன்.”

“நீங்க முடிச்சுட்டுச் சொல்லுங்க, தூங்கறேன். வரும்போது சோப்புத் தூள் வாங்கிட்டு வாங்க.”

சிரித்துக்கொண்டார். ‘ஜாக்கிரதை’ என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. கல்யாணமான புதிதிலிருந்தே, அவர் குண்டில் கை வைக்கும் முன் ஏதாவது சாமான் வாங்கி வரச் சொல்வாள். கடைக்குப் போகிற வேலை இருந்தால் மனுஷன் வீடு வந்து சேர்ந்துதானே ஆகவேண்டும் என்பது அவள் கணக்கு.

குழிக்குள் இறங்கினார். துருப்பிடித்த திருகு அசைவேனா என்றது. மாடிக் குழந்தையின் நினைப்பு வந்ததும் விரல்கள் நடுங்க ஆரம்பித்தன. இதுவரை இப்படி ஆனதில்லை.

‘நல்லவேளை, அவளாவது வீட்டில் இருக்கிறாள்.’

அந்த ஒரு நிம்மதியைப் பிடித்துக்கொண்டுதான் மூச்சை இழுத்து விட்டார். விரல்கள் மெல்ல அடங்கின. திருகு இளகியது. குண்டை வெடிக்க வைக்கும் விசை தனியாகக் கழன்று கைக்கு வந்தது.

மேலே ஏறி வந்து போன் செய்தார்.

“முடிஞ்சுதும்மா.”

கொஞ்ச நேரம் அவளுடைய அழுகை மட்டும் கேட்டது.

“முதல்ல முகத்தைத் துடைங்க. கன்னமெல்லாம் சேறு.”

கன்னத்துக்குப் போன கை பாதியில் நின்றது. மெதுவாக நிமிர்ந்து பார்த்தார்.

ஆஸ்பத்திரி மாடி ஜன்னலில், ராத்திரி போட்ட நர்ஸ் உடையைக்கூட மாற்றாமல், போனும் கையுமாக நின்றிருந்தாள் அவள். போனில் இன்னும் பீப் பீப் என்று கேட்டுக்கொண்டிருந்தது, குழந்தைக்கு மூச்சு கொடுக்கும் மெஷின்.