ஐந்தாம் பாட்டில் எழுந்து போனவள்

ஆல்பம் வெளியீட்டு விழாவில் எல்லாரும் கண்ணை மூடி ரசித்துக்கொண்டிருந்தபோது, பாட்டுக்காரனின் மனைவி மட்டும் எழுந்து வெளியே போனாள்.

நாற்காலி கிறீச்சிட்டது. அதுவும் பாட்டில் வருகிறதாக்கும் என்று இரண்டு பேர் தலையாட்டினார்கள்.

அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆல்பம் அப்படி. புதுமாதிரியான எலெக்ட்ரானிக் பாப்பாம். மனித உணர்ச்சிகளை ஆராய்கிறதாம். கோபம் டொம் டொம் என்று இடித்தது. காதல் கொசு மாதிரி காதோரம் ரீங்காரமிட்டது. நடுநடுவே ஒரு கம்ப்யூட்டர் குரல் 'ஆ' என்றது. ஏன் என்று அதற்கும் தெரிந்ததாகத் தோன்றவில்லை.

வந்தவர்களுக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருந்தது. பாட்டு முடிந்ததா, மூச்சு வாங்குகிறதா என்று புரியாமல், பக்கத்து ஆள் கை தட்டுகிறாரா என்று பார்த்துப் பார்த்துத் தட்டினார்கள்.

"எப்படி இருந்துதுக்கா?" என்று அக்காவிடம் கேட்டான் பாட்டுக்காரன்.

"பிரமாதம்டா! சிரிக்கணுமா அழணுமான்னுதான் தெரியல."

"அதான்கா வேணும்!"

"அது கெடக்கட்டும். உன் பொண்டாட்டி ஏன் பாதியில எழுந்து போனா? நாலு பேர் உன்னைப் புகழ்ந்தா அவளுக்குப் பொறுக்காதே."

அவனுக்கும் அதே சந்தேகம். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்துவிட்டான்.

"இருக்கறதுலயே நல்ல பாட்டு அஞ்சாவதா வர்ற 'தனிமை'தான். அது ஆரம்பிச்சதும் எழுந்து போறே! வயித்தெரிச்சலா? ஒரு வருஷமா தூக்கம், பேச்சு எல்லாத்தையும் விட்டுட்டு அந்த ரூமுக்குள்ளயே கெடந்தேன், தெரியுமா?"

"தெரியும். அந்த வருஷம் பூரா நானும் இங்கதான் இருந்தேன்."

என்ன சொல்கிறாள் என்று அவனுக்குப் புரியவில்லை.

அவள் குரலை உயர்த்தவில்லை. "அந்தப் பாட்டுல தண்ணி சத்தம் வந்துதே, அதை எங்க பிடிச்சீங்க?"

அவன் கோபம் போன இடம் தெரியவில்லை. அன்றைக்கெல்லாம் பாட்டைப் பற்றி ஒருத்தர் உருப்படியாகக் கேட்ட கேள்வி அது ஒன்றுதான்.

"நம்ம பாத்ரூம் குழாய்தான்! நீ உள்ள போனதும் திறந்துவிடுவே இல்ல? கதவுக்கு வெளிய மைக்கை வெச்சுட்டேன். அந்தச் சத்தத்துல என்னவோ ஒரு சோகம் இருக்கு. என்னன்னுதான் எனக்குப் பிடிபடவே இல்ல."

"வேற சத்தம் எதுவும் அதுல விழலையா?"

"விழுந்துதே! நடுநடுவுல மூச்சு முட்டற மாதிரி ஏதோ கேட்டுது. குழாய்ல காத்து அடைச்சிருக்கும். அதைத் துடைச்சு எடுக்கறதுக்குள்ள தாவு தீர்ந்துபோச்சு. இப்ப சுத்தமா தண்ணி மட்டும்தான்."

அவள் சொன்னாள்:

"அது காத்து இல்லைங்க. நான் அழற சத்தம் உங்க ரிக்கார்டிங்ல விழுந்து வேலை கெட்டுடக் கூடாதுன்னுதான் குழாயைத் திறந்துவிடுவேன்."