சிவப்புத் தெரு

"எங்க தெருவுக்குச் சிவப்பு அடிச்சீங்களே மேடம், அதுக்கே உங்களுக்கு ஒரு பெரிய கும்பிடு!"

குடியிருப்போர் சங்கத் தலைவர் நிஜமாகவே கையெடுத்துக் கும்பிட்டார். நகராட்சியின் புள்ளிவிவரப் பிரிவிலிருந்து வந்திருந்த அந்தப் பெண் லேப்டாப்பைத் திறந்தாள்.

எந்தத் தெரு எவ்வளவு பாதுகாப்பு என்று யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளும்படி நகராட்சி ஒரு வரைபடம் வெளியிட்டிருந்தது. அந்தந்தத் தெருவில் நடந்ததாகப் போலீஸுக்குப் போன புகார்களின் கணக்கு அது. புகார் இல்லாத தெரு பச்சை, கொஞ்சம் இருந்தால் மஞ்சள், நிறைய இருந்தால் சிவப்பு. மற்ற தெருக்காரர்கள் சிவப்பைப் பார்த்ததும் வீட்டு விலை போச்சே என்று தலையில் கை வைத்தார்கள். இவர்களுக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். பின்தெருவுக்குப் போகிற சந்தில் கேட் போட்டுப் பூட்ட வேண்டும் என்று மூன்று வருஷமாக அலைகிறார்கள். இப்போது ஆதாரம் தானாக வீடு தேடி வந்திருக்கிறது.

"எல்லாம் அந்தப் பின்தெரு ஜனங்க பண்ற வேலை," என்றார் தலைவர். ரிட்டயர்டு பேங்க் மேனேஜர். மைக் இல்லாமலே மைக்கில் பேசுகிற மாதிரிப் பேசுவார். "காலையில பார்த்தா சாரி சாரியா வருவாங்க. பஸ் ஸ்டாப்புக்கு இதுதான் குறுக்கு வழியாம்! இது என்ன அவங்க அப்பன் வீட்டு வழியா?"

"அதுலயும் அந்தப் பொண்ணுங்க இருக்காங்களே," என்று சங்கப் பொருளாளரான டாக்டரம்மா முகத்தைச் சுளித்தார். "பார்த்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும். என் நாய்க்குக்கூட அவங்களைக் கண்டா ஆகாது. அது என்ன, பொய்யா சொல்லப் போகுது?"

நாயின் சாட்சியத்தைத் தலைவர் தலையாட்டி ஏற்றுக்கொண்டார்.

"வழியை அடைச்சிட்டா அவங்க வேலைக்கு எப்படி சார் போவாங்க?" என்றாள் அந்தப் பெண்.

"குடோன் பக்கமா சுத்திப் போகட்டும்."

"அங்க ஒரு லைட்கூடக் கிடையாது. வேலை முடிஞ்சு இருட்டுல வர்ற பொம்பளைங்க பயப்படுவாங்களே?"

"அதெல்லாம் பழகிடும் மேடம். அவங்களுக்கெல்லாம் இது ஒரு விஷயமா?"

சங்கச் செயலாளரான வக்கீல் சிரித்தார். பிறகு மூன்று பேரும் சிரித்தார்கள். நல்ல மனசுக்காரர்கள்தான். அவள் காபிக்குச் சர்க்கரை போதுமா, ஏசியைக் கூட்டட்டுமா என்று அப்படி விழுந்து விழுந்து கவனித்தார்கள்.

"ஒரு விதி இருக்கு. அதை முதல்லயே சொல்லிடறேன்," என்றாள் அவள். "கேட்டுக்கு ஒரே பூட்டு, ஒரே சாவி. அது எந்தத் தெருக்காரங்க கையில இருக்கணும்னு புகார் விவரத்தை வெச்சுத்தான் முடிவு பண்ணுவோம். பாதிக்கப்பட்டவங்க கையில சாவி. மத்தவங்களுக்கு அவங்க மனசு வெச்சாத்தான் வழி. சம்மதமா?"

"என்ன மேடம் இப்படிக் கேட்டுட்டீங்க! இதைத்தானே மூணு வருஷமா தொண்டை கிழியக் கத்திட்டு இருக்கேன்? வக்கீல் சார், தீர்மானம் எழுதுங்க. புகார் விவரங்களை இந்தச் சங்கம் முழுமனசா ஏத்துக்குதுன்னு போடுங்க. நாளைக்கு எவனும் வாயைத் திறக்கக் கூடாது."

பின்தெருக்காரர்கள் கோர்ட்டுக்குப் போய்விடுவார்களோ என்று வக்கீலுக்கு ஒரு கவலை. 'இதன்மேல் எந்த ஆட்சேபமும் செல்லாது' என்று ஒரு வரி சேர்த்தார். என்ன மூளை! மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள். டாக்டரம்மா தன் கையெழுத்துக்குக் கீழே அழுத்தமாக ஒரு கோடு வேறு இழுத்தார்.

அந்தப் பெண் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள். பிறகு வரைபடத்தில் சிவப்பைத் தொட்டாள். ஒரு பட்டியல் விரிந்தது.

"இது எப்போ போட்டீங்க?" என்றார் வக்கீல்.

"முதல் நாள்லேர்ந்து இருக்கு சார். தொட்டா விரியும், உங்க போன்லயே பார்க்கலாம். நீங்க யாரும் தொட்டுப் பார்க்கலை போலிருக்கு."

அவள் வாசித்தாள்.

"பேர் எதுவும் இருக்காது. என்ன நடந்தது, புகார் குடுத்தது எந்தத் தெரு, யார் மேல குடுத்தாங்க, அவ்வளவுதான். பைக்ல வந்து பொண்ணு கையைப் பிடிச்சு இழுத்தது. குடுத்தது பின்தெரு. யார் மேலன்னா, இந்தத் தெருக்காரர் மேல. வழியில போறவங்க மேல நாயை ஏவி விட்டது. குடுத்தது பின்தெரு. இந்தத் தெருக்காரர் மேல. சைக்கிளைக் காரால இடிச்சிட்டு நிக்காம போனது..."

"போதும், போதும்," என்றார் தலைவர்.

"இன்னும் நிறைய இருக்கு சார்."

"ஏம்மா, நாங்க குடுத்த புகார் ஒண்ணுகூடவா இல்லை?" என்றார் டாக்டரம்மா.

"ஒண்ணு இருக்கும்மா. பின்தெருப் பொண்ணுங்க நடந்து போறப்போ சத்தமா சிரிக்கிறாங்கன்னு."

வக்கீல் அவள் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். தான் எழுதின கடைசி வரி அவருக்கு இப்போது நன்றாகவே ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"மேடம்," என்றார் தலைவர். மைக்கில் கரண்ட் போய்விட்டது. "ரயில்வே ஸ்டேஷன் அந்தப் பக்கம்தானே இருக்கு? அவசரத்துக்கு நாங்க சாவி வேணும்னா யாரைப் போய்க் கேக்கறது?"

அவள் லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்தாள்.

"குடோன் பக்கமா சுத்தி வந்தா பின்தெருவுல முதல் வீடு சார், கதவைத் தட்டுங்க. நான் வேலை முடிஞ்சு வர இருட்டிடும், ஆனா எங்க அம்மா இருப்பாங்க."