முகத்தை அழிச்சிடுங்க

"என் முகத்தை அழிச்சிடுங்க தம்பி" என்றார் வீட்டுக்காரர்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஆளின் முகத்தைப் பார்த்துத் தானாகத் திறக்கிற கதவு இருக்கிறதே, அதைப் பொருத்துவதுதான் என் பிழைப்பு. அழிக்கச் சொல்லியும் கூப்பிடுவார்கள்தான். ஆனால் அடுத்தவர் முகத்தை. சண்டை போட்டுக்கொண்டு போன மருமகன், வேலையை விட்டு நின்ற டிரைவர், இப்படி யாராவது. சொந்த முகத்தையே அழிக்கச் சொன்ன ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"சார், அழிச்சா கதவு உங்களுக்கே திறக்காதே?"

"தெரியும். அழிங்க."

"ஏதாவது கோளாறா சார்? சொல்லுங்க, இப்பவே பார்த்துடறேன். கம்பெனிக்கு மட்டும் புகார் போட்டுடாதீங்க. ஏற்கெனவே என் மேல புகார் இருக்கு. இன்னொண்ணு போச்சுன்னா என்னை வேலையை விட்டே தூக்கிடுவாங்க."

"கோளாறெல்லாம் இல்லை தம்பி. ரொம்ப நல்லா வேலை செய்யுது. அதுதான் வினையே."

இது என்னடா கூத்து! நல்லா வேலை செய்தால் வினையா?

உள்ளேயிருந்து மகள் வந்தாள். அப்பாவுக்கு இவளாவது எடுத்துச் சொல்வாள் என்று பார்த்தால், "என்னோடதையும் எடுத்துடுங்க அங்கிள். அண்ணனோடதையும்" என்றாள்.

"அப்போ மேடத்தோடது?"

"அதைத் தொடாதீங்க!"

அப்பாவும் மகளும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

எனக்குத் தலை சுற்றியது. குடும்பமே வெளியே, அந்த அம்மா மட்டும் உள்ளேயா? வீடு அந்த அம்மா பேரில் இருக்குமோ? கோர்ட்டு, கேஸு என்று ஏதாவது இழுபறியோ? மனுஷனைப் பார்த்தால் வாயில்லாப் பூச்சி மாதிரி இருக்கிறார். அந்த அம்மா இவர்களை என்ன பாடு படுத்துகிறாரோ!

"யோசிச்சுக்குங்க சார். காலம் எங்கேயோ போயிட்டிருக்கு. இன்னும் கொஞ்ச வருஷத்துல பேங்க், பஸ், ஆபீஸ் எல்லாத்துக்கும் முகத்தைக் காட்டினாப் போதும். நீங்க என்னடான்னா மறுபடியும் சாவிக்குப் போறேங்கறீங்க."

"காலம் அது பாட்டுக்குப் போகட்டும். நீங்க சீக்கிரம் முடிங்க. அவ வந்துடுவா."

சொல்லிவிட்டு வாசலில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். கண் தெருவிலேயே இருந்தது. கட்டின பெண்டாட்டிக்கு இவ்வளவு பயப்படுகிறவரை நான் பார்த்ததில்லை.

நமக்கென்ன வந்தது? மூன்று முகத்தையும் அழித்தேன். திரையில் அந்த அம்மாவின் படம் மட்டும் பாக்கி. அடர்த்தியான முடி, புசுபுசு கன்னம். பார்த்தால் கொடுமைக்காரி மாதிரித் தெரியவில்லை. யாரைத்தான் நம்புவது?

கருவிகளைப் பையில் போடும்போது வாசலில் கார் வந்து நின்றது. மகன் இறங்கி, பின்பக்கம் உட்கார்ந்திருந்த ஒருவரைக் கைத்தாங்கலாக இறக்கினான். தலையைச் சுற்றித் துணி. புருவம்கூட இல்லை. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. யாரோ வயதான உறவுக்காரர் என்றுதான் நினைத்தேன்.

"ஏங்க, என்னை அது முன்னாடி நிக்க வைக்காதீங்க" என்று அவர் வீட்டுக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார். "போன தடவை ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்தப்பவே நான் யாருன்னு தெரியலைன்னு சொல்லிடுச்சு."

திரையில் பார்த்த முகமா இது?

"நீ இரு. முதல்ல நான்" என்று வீட்டுக்காரர் கதவுக்கு முன்னால் நின்றார்.

"மன்னிக்கவும். உங்களை அடையாளம் தெரியவில்லை" என்றது கதவு.

மகள் போய் நின்றாள். மகன் நின்றான். அதே பதில்தான்.

அந்த அம்மா கதவையும் அவர்களையும் மாறி மாறிப் பார்த்தார். திடீரென்று கலகலவென்று சிரித்துவிட்டார்.

"அட கண்ணவிஞ்ச கதவே! வீட்டுல ஒருத்தரையுமே தெரியலையா உனக்கு? இது தெரியாம, நான் நானாவே இல்லையோன்னு உக்காந்து உக்காந்து அழுதேனே!"

வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சாவியால் கதவைத் திறந்தார். அந்த அம்மா என்னைப் பார்த்தார்.

"இதை மாட்டினது நீங்கதானா தம்பி? நல்லா மாட்டினீங்க போங்க! இருங்க, உங்க கம்பெனிக்கே எழுதிப் போடறேன்."

வீட்டுக்காரர் பதறிப் போனார். "ஐயோ, வேண்டாம்மா... அது வந்து..."

நான் குறுக்கே புகுந்தேன்.

"தாராளமா எழுதிப் போடுங்கம்மா. கோளாறு மெஷின்லதான்."