வலிக்குதா சார்?

"உங்க ஆளைக் கண்டிக்கிறீங்களா, இல்ல நான் வேற சலூன் பார்த்துக்கட்டுமா?"

சவரம் முடிந்த கையோடு முதலாளியிடம் எகிறினார் பெரிய மீசைக்காரர். பன்னிரண்டு வருடமாக இந்தக் கடைதான் அவருக்கு.

"என்ன சார், வெட்டிட்டானா?"

"வெட்டியிருந்தாக்கூடப் பரவாயில்லை. கன்னத்தைப் பிடிச்சு உருட்டுறான். மீசையோட சேர்த்து மேலுதட்டை அமுக்குறான். போதாக்குறைக்கு, வலிக்குதா சார் வலிக்குதா சார்னு கேட்டே உசிரை வாங்குறான். நான் என்ன பல்லு பிடுங்கிக்கவா வந்தேன்?"

ஒரு வாரமாக இதே பாட்டுதான். நேற்று பேங்க்காரர், அதற்கு முந்தின நாள் ஒரு கல்யாண மாப்பிள்ளை. பயல் மசாஜ் செய்து டிப்ஸ் கறக்கப் பார்க்கிறான் என்று முதலாளி முடிவே கட்டிவிட்டார்.

மதியம் கடை ஓய்ந்ததும் அவனைப் பிடித்துக்கொண்டார்.

"இந்த வித்தையெல்லாம் எதுக்குப்பா? டிப்ஸுக்கா?"

"ஐயோ, இல்லண்ணே."

கழுவின சீப்பையே மறுபடியும் கழுவினான்.

"வாயில பூட்டா போட்டிருக்கு? சொல்லு. இல்லன்னா நாளைலேருந்து வராதே."

"பொண்ணுக்காகண்ணே."

அவனுக்கு ஐந்து வயதில் ஒரு பெண் இருப்பது அவருக்குத் தெரியும். அதற்கு மேல் ஒருநாளும் விசாரித்ததில்லை.

"அவளுக்கு மூளை முடக்குவாதம்ணே. உதடு சேர்ந்து மூடாது. குடுக்கிற பால்ல பாதி கழுத்துல வழிஞ்சிடும். தினம் சாப்பாட்டுக்கு முன்னாடி கன்னத்தையும் உதட்டையும் அமுக்கி விடச் சொல்லி, ஆஸ்பத்திரியில தெரபிஸ்ட் அம்மா கத்துக்குடுத்திருக்காங்க. அதிகமா அழுத்தினா வலிக்கும், பட்டும் படாம செஞ்சா பலன் இருக்காதாம்."

"சரி, அதை வீட்ல செய்யேன். வர்றவங்க மூஞ்சி உனக்கு என்ன பாவம் பண்ணுச்சு?"

அவன் தன் விரல்களையே பார்த்தான்.

"கத்தியை எவ்வளவு அழுத்தணும்னு கைக்குத் தெரியும்ணே. இது தெரியல. அவளுக்குப் பசிச்சாலும் அதே அழுகை, வலிச்சாலும் அதே அழுகை. அதான்... வாய்விட்டுச் சொல்லத் தெரிஞ்சவங்ககிட்ட கேட்டுக் கேட்டுப் பழகிக்கிறேன்."

முதலாளிக்கு இருந்த அத்தனை கோபமும் எங்கே போனதென்றே தெரியவில்லை.

கடைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். சவர நாற்காலியில் உட்கார்ந்து தலையைச் சாய்த்துக்கொண்டார்.

"ம், அமுக்கு. எத்தனை தடவை வேணும்னாலும் கேளு."