கேப்டன் கூடை

உலகத்தில் மீனைப் பற்றிப் பேசத் தகுதியுள்ள ஒரே மனிதர் தான்தான் என்று படகுக்காரக் கேப்டன், அடுப்படியில் நின்ற மனைவியிடம் அறிவித்தார்.

"சரிங்க. மீன் மையத்துக்கு வேன் வந்தாச்சாம். கூடையை எடுத்துட்டுக் கிளம்புங்க."

"விக்காத மீனை அரசாங்கம் காசு குடுத்து வாங்கி, பசிச்சவங்களுக்குச் சும்மா குடுக்குமாம். ஓசி மீன் உடம்புல ஒட்டுமாடி?"

"ஒட்டும். புள்ளைங்க வெறும் வயித்தோட காத்துட்டிருக்குதுங்க."

"என் கௌரவம் என்னாவறது?"

"அதை வறுத்துத் திங்க முடியாதுங்க. கிளம்புங்க."

முணுமுணுத்துக்கொண்டே போனார். மையத்து வாசலில் இருந்த பெண் முகம் மலர்ந்து எழுந்தாள்.

"வாங்க கேப்டன், நீங்களும் மீன் குடுக்க வந்துட்டீங்களா? பின்வாசல்ல இறக்குங்க."

கேப்டன் கூடையைக் கவிழ்த்துக் காட்டினார். ஒரு செதில்கூட விழவில்லை. படகின் இன்ஜின் படுத்துப் பல மாதங்கள் ஆகியிருந்தன. வீட்டில் வெறும் வயிற்றோடு காத்திருந்தது அவருடைய பிள்ளைகள்தாம்.

"வரிசை எங்கம்மா முடியுது?" என்றார் மெதுவாக.

"இங்கதான் முதலாளி," என்று கடைசியில் நின்றவன் நகர்ந்து இடம் விட்டான். அவர் படகில் வலை இழுத்தவன். "இன்னிக்குப் பெரிய மீனாம்."

கேப்டன் எட்டிப் பார்த்தார். பிறகு அவன் காதோடு சொன்னார்: "எனக்கு நடுத்துண்டா சொல்லி வைடா."