முதுகில் பதினொரு சக்கரம்

எங்கள் சாருடைய கறுப்புக் கோட்டைப் பாழாக்கியது நான்தான். பாவம் மனிதர், அதையே மாட்டிக்கொண்டு வேனில் ஏறிவிட்டார்.

முதுகு முழுக்கப் பதினொரு வெள்ளைச் சக்கரங்கள். காட்டுக் காளான் கணக்கெடுப்பில் இது அன்றாட வேலை. காளானின் குடையை வெட்டி, அடியில் உள்ள மடிப்புகள் கீழே படும்படி தாளில் வைத்தால், விடிவதற்குள் வித்துத்தூள் உதிர்ந்து அச்சு விழும். அதன் நிறத்தை வைத்துத்தான் இனம் பிரிப்போம்.

வெள்ளைத் தூளுக்குக் கறுப்புத் தாள் வேண்டும். போன தடவை வெள்ளைத் தாளைக் கொண்டுபோய் நீட்டி, "வெறுங்காகிதத்தைக் காட்டி ஏமாத்துறீங்களா?" என்று நிதி கொடுக்கும் குழுவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டோம். இன்றும் சொதப்பினால் கணக்கெடுப்புக்கு மூடுவிழா. ஆறு பேருக்கும் வேலை காலி.

கறுப்புத் தாள் வாங்க வேண்டியவன் நான். மறந்துவிட்டேன். நேற்று ராத்திரி மேசையில் சாரின் கோட்டு குப்புறக் கிடந்தது; காளான்களை அதன் முதுகிலேயே வரிசையாக வைத்துவிட்டேன். காலையில் சீக்கிரம் வந்து படமெடுத்துவிட்டுத் தூசியைத் தட்டிவிடலாம் என்று மனக்கணக்குப் போட்டேன். என் மனக்கணக்கு என்றைக்குச் சரியாக வந்தது?

தூங்கிப்போய்த் தாமதமாக வந்தால், கோட்டைக் காணோம். காளான்கள் மட்டும் தட்டில் எண் வரிசை பிசகாமல் அடுக்கப்பட்டிருந்தன. பெருக்கும் அக்காதான் அவற்றை எடுத்து வைத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அவருக்கு என் மேல் கொஞ்சம் இரக்கம் உண்டு.

வேனில் சார் இருக்கை நுனியில் உட்கார்ந்திருந்தார். மூக்கு நுனியில் வியர்வை சொட்டியது.

"புழுக்கமா இருக்கு சார். கோட்டைக் கழட்டிடுங்களேன்."

"இருக்கட்டும்யா."

"முதுகுல ஏதோ தூசி. தட்டி விடட்டுமா?"

"கைய எடு!"

கூட்ட அறையில் அவர் முதுகுக்குக் காவல் நின்றேன். அவர் இடப்பக்கம் நகர்ந்தால் நானும் இடப்பக்கம். அவர் திரையைப் பார்த்துத் திரும்பினால், குழுவுக்கும் அவருக்கும் நடுவில் ஒரே தாவல்.

"யாருங்க அது, ஒட்டுப்புல் மாதிரி?" என்றார் குழுத் தலைவியம்மா.

"நம்ம உதவியாளர்தான் மேடம்," சார் பல்லைக் கடித்தார். "கொஞ்சம் பாசம் ஜாஸ்தி."

"இருந்துட்டுப் போகட்டும். இந்தத் தடவையாவது அந்த வெள்ளை அச்சு கண்ணுக்குத் தெரியுமா?"

தாளே இல்லையே, எங்கே போவார் மனிதர்! "இதோ மேடம்," என்று அவர் அசைந்ததும் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு குறுக்கே நின்றேன்.

"தள்ளுய்யா!" என்று கிசுகிசுத்தார்.

"மாட்டேன் சார்! உங்க கோட்டை நாசம் பண்ணினது நான்தான். என்னை வேலையை விட்டுத் தூக்குங்க, பரவாயில்ல. உங்க மானம் போறதைப் பார்த்துக்கிட்டு என்னால நிக்க முடியாது!"

சார் என் காதருகே குனிந்தார்.

"அதைக் காட்டத்தான்யா இந்த வெக்கையில இதை மாட்டிட்டு வந்திருக்கேன்!"